விரலுக்குத் தகுந்த வீக்கம்

புதுக் கார் வாங்கினால் மாலை போட்டு, மலை மந்திருக்கு ஓட்டிச் சென்று சுவாமிநாதன் சந்நிதியில் ஓர் அர்ச்சனை செய்து, நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு வீடு திரும்புவது தில்லித் தமிழர் வழக்கம். ஆனால் இப்போது சில வீடுகளில், எலுமிச்சம்பழத்தை நசுக்கிய அதே டயர்கள் ஒரு மாதம்கூட அந்தக் காரில் தங்குவதில்லை. பிள்ளையாண்டான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரோல்பாக் கடைத்தெருவுக்குப் போகிறான். ஒரு காலத்தில் நம்மவர்கள் அரிசியும் காப்பிப்பொடியும் வாங்கிய அதே கரோல்பாக்தான். இன்று அங்கே கார் அலங்காரக் கடைகள் வரிசை கட்டி நிற்கின்றன. மாலையில் அவன் திரும்பி வரும்போது கார் அகலமான டயர்களும் பளபளக்கும் அலாய் வீல்களுமாக, மார்பை விரித்து நிற்கும் பயில்வானைப் போல வாசலில் நிற்கிறது.

இந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறேன். வாகனப் பராமரிப்புத் துறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், சங்க நிகழ்ச்சிகளில் இளைஞர்கள் கைப்பேசியில் படத்தைக் காட்டி, “மாமா, இந்த வீல் என் ஸ்விஃப்டுக்குப் பொருந்துமா?” என்று கேட்பதுண்டு. “பொருந்தும். ஆனால் அது உன் காருக்குப் பொருத்தமா என்பது வேறு கேள்வி” என்பதுதான் என் வழக்கமான பதில். அந்த வேறு கேள்விக்கு நின்று பதில் சொல்ல விழா மண்டபத்தில் நேரம் கிடைப்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த ஆசையைப் பார்த்துச் சிரிக்கிற கட்சியில் நான் இல்லை. “எதற்கடா இந்த வீண் ஆடம்பரம்?” என்று கேட்டுவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அம்பாசிடருக்குப் பூப்போட்ட திரை தைத்து மாட்டியவர்களும், ஸ்கூட்டரின் இரு பக்கமும் நான்கு கண்ணாடி வைத்துக்கொண்டவர்களும் நம் தலைமுறையில்தான் இருந்தார்கள். தன் வண்டி தனித்துத் தெரிய வேண்டும் என்பது வயசுக்கு உரிய ஆசை. ஆனால் ஜன்னல் திரை சாலையைத் தொடுவதில்லை, டயர் தொடுகிறது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

டயரில் எழுதியிருப்பது என்ன?

2018-இல் வந்த ஸ்விஃப்ட் காரை எடுத்துக்கொள்வோம். நம் பையன்கள் அதிகம் கை வைப்பது அந்தக் காரில்தான். அதன் கீழ் ரகங்களுக்குத் தயாரிப்பாளர் கொடுத்த டயர் 165/80 ஆர் 14. மேல் ரகத்துக்கு 185/65 ஆர் 15. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது. ‘ஆர்’ என்றால் ரேடியல். கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

இனி ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 165-இல் 80 சதவீதம் 132 மில்லிமீட்டர். மேலே ஒரு பக்கச்சுவர், கீழே ஒன்று, நடுவில் 14 அங்குல ரிம். கூட்டினால் சக்கரத்தின் மொத்த உயரம் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர். 185/65 ஆர் 15-க்கும் இதேபோல் கணக்கிட்டால் 621 அல்லது 622 வரும். டயர் அகலமாகி, ரிம் பெரிதாகியும் மொத்த உயரம் மாறவில்லை. தயாரிப்பாளர் இதைத் திட்டமிட்டே செய்திருக்கிறார். இந்த உயரம் மாறினால் வேகமானி பொய் சொல்லும், கியர் கணக்கு மாறும், சக்கரம் மட்கார்டில் உரசும். உதாரணமாக, அதே 15 அங்குல ரிம்மில் 205/65 போட்டால் உயரம் 647 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். நூற்றுக்கு நான்கு பங்கு கூடுதல். சரியாகக் காட்டிக்கொண்டிருந்த வேகமானி 100 என்று காட்டும்போது கார் 104-இல் ஓடும்.

விஷயம் தெரிந்த கடைக்காரர் 205/45 ஆர் 17 தருவார். அதன் உயரம் 616 மில்லிமீட்டர். கணக்கு ஏறக்குறைய ஒத்துவருகிறது. ஆனால் பக்கச்சுவரைப் பாருங்கள். 132 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் இப்போது 92 மில்லிமீட்டர்தான் இருக்கிறது. அந்த 40 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும்தான் குழியில் விழும்போது ரிம்மையும் நம் முதுகெலும்பையும் காப்பாற்றி வந்தன.

அஞ்சலட்டை அளவு நிலம்

“அகலமான டயர் என்றால் சாலையில் அதிகம் படியும், பிடி அதிகம்” என்பது எல்லாரும் சொல்லும் காரணம். இதில் பாதி உண்மை இருக்கிறது. மறு பாதியை யாரும் சொல்வதில்லை.

காரின் எடையைத் தாங்குவது பெரும்பாலும் டயருக்குள் இருக்கும் காற்றுதான். ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ எடை இருக்கிறது, காற்று 30 பவுண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 பவுண்டு என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ. 300-ஐ 2.1-ஆல் வகுத்தால் 143 சதுர சென்டிமீட்டர். ஓர் அஞ்சலட்டையை விடச் சற்றே பெரிய இடம். நீங்களும் உங்கள் மனைவி மக்களும் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பூமியோடு உங்களுக்கு இருக்கும் உறவு அந்த நான்கு அஞ்சலட்டைகள்தான்.

டயரை அகலமாக்கி, காற்றை அதே அளவில் வைத்தால் இந்த அஞ்சலட்டையின் பரப்பு பெரிதாக மாறுவதில்லை. அதன் வடிவம்தான் மாறுகிறது. நீளவாக்கில் இருந்த அட்டை குறுக்குவாக்கில் திரும்பிக்கொள்கிறது. வளைவுகளில் பக்கவாட்டில் இழுக்கும் விசையைத் தாங்க இந்தக் குறுக்கு வடிவம் உதவும். குட்டையான பக்கச்சுவர் குறைவாக வளைவதால், ஸ்டீரிங்கைத் திருப்பியவுடன் கார் சட்டென்று கேட்கும். காய்ந்த, சமமான சாலையில், வேகமாக வளைவில் ஓட்டுகிறவருக்கு இது உண்மையான லாபம். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஆடி, ஆவணியில் தில்லியில் மழை கொட்டும்போது அதே அகலம் எதிரியாகிறது. டயர் தன் முன்னால் இருக்கும் தண்ணீரை விலக்கிவிட்டுத்தான் சாலையைத் தொட முடியும். அகலமான டயர் அதிகத் தண்ணீரை விலக்க வேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரமோ குறைவு, ஏனெனில் சாலையில் படியும் நீளம் குறைந்துவிட்டது. விலக்க முடியாமல் போனால் டயர் தண்ணீரின் மேல் ஏறி மிதக்கும். அப்போது ஸ்டீரிங்கும் பிரேக்கும் உங்கள் கையிலும் காலிலும் இருக்கும், காருக்கு மட்டும் அவை கேட்காது. வண்டி புதிது, டயர் அகலம் என்ற நம்பிக்கையில் வேகம் குறைக்காமல் தேங்கிய நீரில் இறங்குவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது எடை. பெரிய ரிம்மும் அகலமான டயரும் பெரும்பாலும் கனமானவை. காரின் உள்ளே ஏற்றும் ஒரு கிலோவும் சக்கரத்தில் ஏறும் ஒரு கிலோவும் சமமில்லை. தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஓடுவதற்கும், கால்களில் கல்லைக் கட்டிக்கொண்டு ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. என்ஜின் அந்த எடையைச் சுழற்ற வேண்டும், பிரேக் அதை நிறுத்த வேண்டும், சஸ்பென்ஷன் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் அதைத் தூக்கி இறக்க வேண்டும். எண்பது, தொண்ணூறு குதிரைத்திறன் உள்ள ஒரு சிறிய என்ஜினுக்கு இந்தச் சுமையைக் கட்டிவிட்டால் கார் பார்ப்பதற்கு வேகமாகவும் ஓடுவதற்கு மெதுவாகவும் ஆகிவிடுகிறது. மைலேஜும் குறைகிறது. சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்த நடுவில் ஸ்பேசர் வேறு வைத்தால், வீல் பேரிங்குகள் தம் ஆயுளுக்கு முன்பே ஓலமிடத் தொடங்கும்.

பெரிதாகத் தெரிவது வலிமையானது அல்ல

இதை விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அளவை எழுதியிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே டயரில் இன்னொரு எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். 88 எச் என்பதுபோல. எழுத்து, அந்த டயர் தாங்கும் அதிகபட்ச வேகம்; எச் என்றால் 210 கிலோமீட்டர். எண், அது தாங்கும் எடையின் குறியீடு. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 84 என்றால் 500 கிலோதான்.

185/65 ஆர் 15 டயர்களில் 88 என்ற எண்ணைச் சாதாரணமாகக் காணலாம். பெரிதாகத் தெரியும் 205/45 ஆர் 17 டயர்களில் 84 என்ற எண் போட்டவையும் விற்கின்றன. அகலமான, விலை கூடிய டயர் தாங்கும் எடை குறைவு! காரணம் எளிது. எடையைத் தாங்குவது காற்று. பக்கச்சுவர் குட்டையானால் காற்றுக்கு உள்ளே இடம் குறைகிறது. இதே அளவில் கூடுதல் வலுவோடு செய்யப்பட்ட டயர்களும் உண்டு, அவற்றில் 88 என்று இருக்கும். ஆனால் வாங்கும்போது அந்த எண்ணை எத்தனை பேர் குனிந்து பார்க்கிறோம்?

மே மாதத்து வெயிலில், ஐந்து பேரும் பெட்டிகளுமாக, 165 கிலோமீட்டர் நீளமுள்ள யமுனா விரைவுச்சாலையின் காங்கிரீட் தளத்தில் ஆக்ராவுக்குப் போகும் குடும்பத்துக்கு அந்த எண் ஒரு சம்பிரதாயமல்ல. சுமைக்குத் தகுந்த வலுவும் சரியான காற்றும் இல்லாத டயர் மேலும் மேலும் வளைந்து நிமிர்ந்து சூடேறும். அந்தச் சூடுதான் டயரை வெடிக்க வைக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மயூர் விகாரில் இருக்கிறார்கள். மகன் பழைய ஸ்விஃப்ட் ஒன்றை வாங்கி, 14 அங்குல இரும்பு ரிம்களைக் கழற்றிவிட்டு 17 அங்குலத்துக்கு மாறினான். பாட்டியையும் ஏற்றிக்கொண்டு பிருந்தாவனம் போய்விட்டு இரவில் திரும்பும்போது சாலையில் ஒரு குழி. பழைய டயராக இருந்தால் ‘தடால்’ என்ற சத்தத்தோடு போயிருக்கும். இந்தத் தடவை பக்கச்சுவர் கிழிந்து ரிம் வளைந்துவிட்டது. ஸ்டெப்னியை எடுத்தார்கள். அது பழைய 14 அங்குல இரும்புச் சக்கரம். புதிய அலாய் வீலுக்காகக் கடையில் கொடுத்த நட்டுகள் அந்த இரும்பு ரிம்மில் சரியாக உட்காரவில்லை. இரும்பு ரிம்முக்கு உரிய நட்டுகள் வீட்டுப் பரணில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாக இருந்தன! நள்ளிரவு வரை பாட்டி சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் கடையில் போய்க் கேட்டதற்கு, “குழி எங்கள் கடையில் இல்லையே” என்று பதில் வந்தது. ரசீதில் ‘அலாய் வீல், டயர், 4’ என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன அளவு, என்ன எண் என்ற விவரமே இல்லை.

நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. ஆனால் அந்தப் பையன் வாங்கியது வேகம் என்று நினைத்துக்கொண்டான். உண்மையில் வாங்கியது தோற்றம் மட்டுமே. தோற்றத்துக்குக் காசு கொடுப்பதில் தவறில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

பந்தயக் கார்கள் சொல்லும் பாடம்

“ஃபார்முலா ஒன் கார்களில் அவ்வளவு அகலமான டயர்கள் இருக்கின்றனவே?” என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2011 அக்டோபர் 30-ஆம் தேதி நம் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தபோது, நம் கோயமுத்தூர்க்காரர் நாராயண் கார்த்திகேயன் அதில் ஓட்டினார். அந்தக் கார்களின் பின் டயர் ஒவ்வொன்றும் ஓர் உருளை போல இருக்கும்.

அந்தக் கார்களுக்குப் பல நூறு குதிரைத்திறன். காற்றே அவற்றைத் தரையோடு சேர்த்து அழுத்துகிறது. அங்கே அகலம் எதற்கென்றால், மிக மென்மையான ரப்பரைப் பயன்படுத்தி, அது சூட்டில் சீக்கிரம் தேய்ந்து போகாமல் சுமையைப் பரப்பிக்கொள்வதற்கு. பிடியின் பெரும்பங்கு ரப்பரின் தன்மையிலிருந்து வருகிறது. அகலம் அதற்குத் துணை. கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் கெட்டி ரப்பர் டயரை எவ்வளவு அகலமாகப் போட்டாலும் அந்தப் பிடி வராது.

அவர்களே அகலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போற்றுவதில்லை. 2017-இல் முன் டயரை 245-லிருந்து 305 மில்லிமீட்டராகவும், பின் டயரை 325-லிருந்து 405 ஆகவும் அகலமாக்கினார்கள். 2026-ஆம் ஆண்டு விதிகளிலோ முன் டயரில் 25, பின் டயரில் 30 மில்லிமீட்டரைக் குறைத்துவிட்டார்கள். எடையையும் காற்றுத் தடையையும் குறைக்க வேண்டுமே!

சாலையில் ஓடும் விளையாட்டுக் கார்களிலும் இதே பாடம் உண்டு. 1989-இல் வந்து உலகெங்கும் ஓட்டுநர்களின் மனத்தைக் கவர்ந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் டயர் 185/60 ஆர் 14. நம் ஸ்விஃப்டின் மேல் ரகத்தில் இருக்கும் அதே 185 அகலம்தான்! 2012-இல் வந்த டொயோட்டா ஜிடி 86, இருநூறு குதிரைத்திறன் உள்ள கார். அதற்கு வேண்டுமென்றே 215 அகலத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ஓட்டுவதன் சுகம் டயரின் பருமனில் இல்லை, காரின் இலேசிலும் சமநிலையிலும் இருக்கிறது என்பது அவர்கள் கொள்கை. நம் நாட்டில் 2021-இல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன் 120 குதிரைத்திறன் கொண்டது. அதற்குத் தயாரிப்பாளர் கொடுத்தது 195/55 ஆர் 16. அதை விடத் திறன் குறைந்த காருக்கு 205-ம் 215-ம் எதற்கு?

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், சட்டம் அனுமதிக்காத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று எழுதியிருக்கிறது. செய்த மாற்றத்தை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் இருந்தால், விபத்து நேரும்போது அது ஒரு வாதமாக எழும். கடைக்காரர் அப்போது நம் பக்கத்தில் நிற்க மாட்டார்.

என்ன செய்யலாம்?

என் யோசனை இதுதான். உங்கள் காரின் மேல் ரகத்துக்குத் தயாரிப்பாளர் எந்த அளவு டயரும் ரிம்மும் கொடுத்திருக்கிறாரோ, அதுவே உங்கள் எல்லை. 165/80 ஆர் 14 உள்ளவர் தாராளமாக 185/65 ஆர் 15-க்கு, அதற்குரிய ரிம்மோடு மாறலாம். விலைக்காகவும் மைலேஜுக்காகவும் கீழ் ரகத்துக்கு ஒல்லி டயர் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குறையை நிவர்த்தி செய்துகொள்வதில் நியாயம் இருக்கிறது. காரும் நன்றாகத் தெரியும், ஓட்டமும் நன்றாகும். அதற்கு மேல் போவது விரலை மீறிய வீக்கம்.

மிச்சமாகும் பணத்துக்கும் வழி சொல்கிறேன். அதே அளவில் நல்ல ரப்பரில் செய்த தரமான டயர் வாங்குங்கள். வீல் அலைன்மென்ட் பாருங்கள், பிரேக் பேடு மாற்றுங்கள். ஓட்டும் திறமையைக் காட்ட வேண்டுமானால் பந்தயத் தடத்துக்குப் போங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையும் கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் இருக்கின்றன. ரிங் ரோடு அதற்கான இடமில்லை.

வாங்கும்போது நான்கு விஷயங்களைக் கடைக்காரரிடம் கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள்: டயரின் முழு அளவு, எடைக் குறியீடு, வேக எழுத்து, தயாரித்த வாரமும் ஆண்டும். 2324 என்று இருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் என்று பொருள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். ஸ்டெப்னிக்கு உரிய நட்டுகளை டிக்கியிலேயே வையுங்கள். காற்றழுத்தம் எவ்வளவு என்பது பெரும்பாலும் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால், எவ்வளவு அகலமான டயரானாலும் அதன் ஆயுள் முடிந்தது.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். இலவச மருத்துவ முகாமில் ரத்த அழுத்தம் பார்க்கிறோம். கோடை விடுமுறைப் பயணங்கள் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாகனங்கள் நிற்கும் இடத்திலேயே டயர்களின் காற்றழுத்தமும் பள்ளத்தின் ஆழமும் எடைக் குறியீடும் பார்த்துச் சொல்ல ஒரு முகாம் வைக்கலாமே? ஓர் அழுத்தமானியும் ஆழமானியும் இரண்டு தொண்டர்களும் இருந்தால் போதும். அழுத்தமானி என்னிடம் இருக்கிறது. ஆழமானியோடு ஓர் இளைஞர் முன்வந்தால், முதல் மேசையை நானே போட்டு உட்காருகிறேன்.